ஐக்கியூ 104 என்றால் அறளை இல்லையா? மறதிக்கு நுண்ணறிவுச் சோதனை பார்ப்பது பற்றி

கரவாகு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். அம்பாறைக் கரையோர வைத்தியசாலை ஒன்றின் மனநலப் பிரிவிலிருந்து கேட்கிறேன். "வாப்பாக்கு அறளை (முதுமை மறதி) பேந்திட்டு போல", "அம்மாக்கு ஒண்டும் நினைவில்ல" என்று பிள்ளைகள் கூட்டிவரும் முதியவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை செய்து அறிக்கை தரும்படி எங்களிடம் கேட்கிறார்கள். அண்மையில் பார்த்த இரண்டு அறிக்கைகள் குழப்பமாக இருக்கின்றன. ஆட்களை அடையாளம் காணமுடியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதலாமவர் 71 வயது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஒன்றரை வருஷமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். பென்ஷன் காசை வைத்த இடம் தெரியாமல் வீட்டில் ஒவ்வொரு மாதமும் சண்டை. வெயிஸ்-ஆர் (பெரியவர்களுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனை) சோதனையில் மொத்த ஐக்கியூ 104, எம்எம்எஸ்ஈ (30 புள்ளிக்கான சுருக்க மனநிலைச் சோதனை) 27. அறிக்கை "சராசரி நுண்ணறிவு, தேய்வு இல்லை" என்கிறது. உபசோதனைப் புள்ளிகள்: சொல்வளம் 12, பொது அறிவு 12, படத்தில் குறை காணல் 7, துண்டு பொருத்தல் 7, இலக்க வீச்சு 8, ஒப்புமை 8, இலக்கக் குறியீடு 4, கட்டை வடிவம் 6.

மற்றவர் 73 வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு, நெடுங்காலம் வட்டைவிதானையாக (வயல்களின் தண்ணீர் முறையைப் பார்க்கும் பொறுப்பாளர்) இருந்தவர். ஐக்கியூ 76, எம்எம்எஸ்ஈ 19. அறிக்கை "டிமென்ஷியா" என்கிறது. வீட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. காணி உறுதி எழுத நொத்தாரிசு வைத்தியக் கடிதம் கேட்டதால்தான் கூட்டிவந்தார்கள்.

பழைய புத்தகமொன்றில் "தாங்கும்" சோதனை, "தாங்காத" சோதனை என்று பிரித்துத் தேய்வு வீதம் கணக்கிடும் முறை இருக்கிறது. ஆசிரியருக்கு அதைப் போட்டால் 32% வருகிறது. இதை நம்பலாமா? நம்பமுடியாது என்றால் வேறு எதைச் செய்வது?

எழுவான்கரை எழுதியது:

இரண்டு அறிக்கையும் ஒரே இடத்தில்தான் பிழைத்திருக்கின்றன. ஐக்கியூ என்பது இன்றைக்கு ஒருவர் தன் வயதுக்காரரோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறார் என்று சொல்லும் எண். தேய்வு என்பது நேற்று அவர் நின்ற இடத்துக்கும் இன்றைக்கு நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம். நேற்றைய இடம் தெரியாமல் 104 என்றாலும் 76 என்றாலும் தேய்வைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 120இல் இருந்த மனிதர் 104க்கு இறங்கினால் அது பெரிய இழப்பு. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருவர் 40 வயதிலும் இதே தாளில் 76தான் எடுத்திருப்பார்.

நேற்றைய இடத்தை எப்படி ஊகிப்பது என்பதற்குத்தான் நீங்கள் சொன்ன வீதம் பிறந்தது. 1930இல் ஹரியட் பாப்காக் சொல்வளம் கடைசிவரை நிற்கும், வேகமும் புதிதாகக் கற்பதும் முதலில் விழும் என்பதை வைத்து ஒரு முறையை அமைத்தார். 1940இல் ஷிப்லி அதையே சுருக்கி 40 சொற்கள், 20 தர்க்கக் கேள்விகள் என்று ஒரு தாளாக்கினார். வெக்ஸ்லர் செய்ததும் அதே தர்க்கம்தான். உங்கள் பட்டியலில் முதல் நான்கும் தாங்குபவை, கூட்டினால் 38. மற்ற நான்கும் தாங்காதவை, 26. வித்தியாசம் 12, அதை 38ஆல் வகுத்தால் 32%. வயதால் வரும் சாதாரண இறக்கத்தைக் கழித்த பிறகு 10%க்கு மேல் என்றால் சந்தேகம், 20%க்கு மேல் என்றால் உறுதி என்று அவர் வைத்தார். நீங்கள் அந்தக் கழித்தலைச் செய்தீர்களா? புத்தகத்தைத் திரும்பப் பாருங்கள். பலர் விடுகிற படி அதுதான்.

இன்னொரு பொறி வெயிஸ்-ஆரிலேயே இருக்கிறது. அதன் சாதாரண அளவுப் புள்ளிகள் 20 முதல் 34 வயதுக்காரரை வைத்துச் செய்தவை. 71 வயது மனிதருக்கு இலக்கக் குறியீட்டில் 4 என்பது பயமாகத் தெரியும். கையேட்டின் பின்னிணைப்பில் வயதுக்கேற்ற அட்டவணை தனியாக இருக்கிறது. அதில் பார்த்தால் இந்த 4 பல புள்ளி ஏறிவிடும், கட்டை வடிவத்தின் 6உம் ஏறும். உங்கள் 32%இல் பெரும்பங்கு வெறும் வயதாக இருக்கலாம்.

சரி, எல்லாக் கழித்தலையும் சரியாகச் செய்தால் வீதம் வேலை செய்யுமா என்றால், செய்யாது என்றே சொல்வேன். நோயுள்ளவரையும் இல்லாதவரையும் பிரிப்பதில் அது தடுமாறியதால்தான் கிளினிக்குகள் அதைக் கைவிட்டன. காரணமும் விளங்கக்கூடியதுதான். சுகமான ஆட்களிலேயே உபசோதனைகளுக்கிடையே 4, 5 புள்ளி வித்தியாசம் சாதாரணம். மனச்சோர்வு உள்ளவர் வேகம் குறைந்து "தாங்காத" பக்கத்தில் விழுவார். இடது மூளையில் பாரிசவாதம் வந்தவருக்குத் தாங்கவேண்டிய சொல்வளமே முதலில் போகும், கணக்குத் தலைகீழாகும். அல்சைமரிலும் நோய் முற்ற முற்றச் சொற்கள் குறையும், தாங்கும் சோதனை தாங்காது.

ஆங்கிலத்தில் இதற்கு மாற்றாக 1982இல் ஹேசல் நெல்சன் ஒரு வாசிப்புச் சோதனை செய்தார். எழுத்துக்கூட்டிப் படித்தால் பிழைக்கும் 50 சொற்கள், முன்பே தெரிந்தவர் மட்டும் சரியாக உச்சரிப்பார். அதைத் தமிழாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. தமிழில் எழுதியபடியே வாசித்தால் போதும், எழுத்துத் தெரிந்த எவரும் தெரியாத சொல்லையும் வாசித்துவிடுவார். அந்தச் சோதனை நிற்கும் அத்திவாரமே நம் எழுத்தில் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: வெயிஸில் தாமதித்து நினைவுகூரும் சோதனை எதுவும் இல்லை. அல்சைமர் பெரும்பாலும் முதலில் தொடுவது அதைத்தான். கேட்டதையே திரும்பக் கேட்கும் ஆசிரியரின் நினைவை அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் யாரும் சோதிக்கவில்லை. எம்எம்எஸ்ஈயில் மூன்றே சொல், அதுவும் ஒரு நிமிடம் கழித்து. படித்தவருக்கு 27 எடுப்பது கஷ்டமில்லை. அவருக்கு 10 சொல் பட்டியல் வேண்டும். மூன்று தடவை வாசித்துக் காட்டி ஒவ்வொரு தடவையும் சொல்லவையுங்கள். இடையில் சொல் சம்பந்தமில்லாத வேலை, படம் கீறுவது போன்றவை, 20 நிமிடம். பிறகு திரும்பக் கேளுங்கள். மூன்றாம் தடவை 7 சொன்னவர் பிறகு 5 சொன்னால் கவலை குறைவு. 2 சொன்னால் தக்கவைத்தது 29%தான். அதன் பிறகு அந்தப் பத்தையும் புதிதாகப் பத்தையும் கலந்து வாசித்து "முன்பு சொன்னதா, இல்லையா" என்று கேளுங்கள். அப்போது இனம் கண்டுகொண்டால் சேமிப்பு இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். மனச்சோர்விலும் சிறு நாளங்கள் அடைபட்ட மூளையிலும் அப்படிக் காணலாம். சொல்லாத சொற்களையும் "சொன்னது" என்றால் பதிவே விழவில்லை. இந்த ஆசிரியரை அப்படியானால் நரம்பியல் கிளினிக்குக்கு உடனே அனுப்பவேண்டும்.

படுவான்கரை எழுதியது:

எழுவான்கரை அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் வட்டைவிதானையார் பக்கம் கதைக்கிறேன், ஏனென்றால் இப்படியான ஆட்களுக்குத்தான் அதிகம் அநியாயம் நடக்கிறது.

எம்எம்எஸ்ஈ 19 எப்படி வந்தது என்று தாளை எடுத்துப் பாருங்கள். வாக்கியம் எழுது, வாசித்துச் செய், ஐங்கோணம் கீறு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. பேனை பிடித்துப் பழகாத கைக்கு இதிலேயே ஏழு எட்டுப் புள்ளி போய்விடும். "இது என்ன பருவகாலம்" என்ற கேள்விக்கு அவர் "பெரும்போகம்" என்று சொல்லியிருந்தால் பிழை போட்டிருக்கிறார்களா பாருங்கள். நம் பக்கத்தில் அது சரியான விடை. திகதிக்கு ஆங்கில மாதம் மட்டும் ஏற்காமல் தமிழ் மாதமும், முஸ்லிம் முதியவர்களிடம் பிறைக்கணக்கும் ஏற்கவேண்டும். ஆனால் எதை ஏற்போம் என்று சோதனைக்கு முதலே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பார்த்து இரங்கிப் புள்ளி போட்டால் அடுத்த தடவை ஒப்பிட முடியாது.

இவருக்கு ரூடாஸ் பொருத்தம். 2004இல் அவுஸ்திரேலியாவில் பல மொழிக்காரருக்காகச் செய்தது, படிப்புக் குறைந்தவரிடம் நன்றாக வேலை செய்யும். 30 புள்ளி: கடைக்கு வாங்கும் சாமான் நினைவு 8, உடல் பாகம் இடம் வலம் 5, கைமாற்றிக் குத்துவதும் விரிப்பதும் 2, கனசதுரம் கீறல் 3, நெரிசலான வீதியைக் கடக்கும் யோசனை 4, ஒரு நிமிடத்தில் மிருகப் பெயர் 8. 22 அல்லது அதற்குக் கீழ் என்றால் மேலே பார்க்கவேண்டும். சாமான்கள் தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம் என்பதால் நம் ஊருக்கு எதையும் மாற்றத் தேவையில்லை. கனசதுரம் மட்டும்தான் படிக்காதவருக்கு இடறும். நெருப்புக்குச்சி நாலை வைத்து ஒரு வடிவம் செய்து காட்டி, அதேபோல் செய்யச் சொல்லிப் பாருங்கள். புள்ளியில் சேர்க்கவேண்டாம், குறிப்பாக எழுதுங்கள். குச்சியில் சரியாகச் செய்பவர் தாளில் பிழைத்தால் பிழை பேனையில்தான்.

எண் சோதனையில் (இலக்க வீச்சு) ஒரு விஷயம். எண்களை ஒரு செக்கனுக்கு ஒன்று என்ற கணக்கில், குரல் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லவேண்டும். சிலர் தொலைபேசி எண்ணை "சீரோ செவன் செவன்" என்றே சொல்லிப் பழகியவர்கள், சிலர் தமிழில். எந்த மொழி எண்களை எந்த வேகத்தில் சொல்கிறோம் என்பது நினைவில் நிற்கும் நீளத்தை மாற்றும். முதல் தடவை எந்த மொழியோ அதையே அடுத்த தடவையும் கொடுங்கள், தாளில் குறித்துவையுங்கள். "க-வில் தொடங்கும் சொற்கள்" கேட்கும்போது க மட்டுமா, கா கி கு எல்லாமா என்று முதலே சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் ஒருவர் 5 சொல்லுவார், ஒருவர் 15 சொல்லுவார், இரண்டுக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை.

வயதே தெரியாதவர்கள் வருவார்கள். அடையாள அட்டையில் உள்ள ஆண்டு சிலவேளை ஊகம். 1978 நவம்பர் சூறாவளி அடித்தபோது கலியாணமாகியிருந்ததா, மூத்த பிள்ளை பிறந்திருந்ததா என்று கேட்டு வயதைச் சரிபாருங்கள். பழைய நினைவைப் பார்க்கவும் அது நல்ல கேள்வி. சுனாமியை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். கரையோரத்தில் அது எத்தனையோ பேரின் பிள்ளைகளைக் கொண்டுபோன நாள். அழத் தொடங்கியவரிடம் எடுக்கும் புள்ளிக்குப் பெறுமதி இல்லை, அவரை அப்படி வருத்தவும் நமக்கு உரிமை இல்லை.

பழைய நிலை தெரியவேண்டும் என்றால் வீட்டாரிடம் கேட்பதே வழி. ஐக்யூகோட் என்ற கேள்விக்கொத்து அதற்கானது. 1989இல் வந்தது, சுருக்க வடிவத்தில் 16 கேள்வி. பத்து வருஷத்துக்கு முந்திய நிலையோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை: மிக நன்றாகிவிட்டது 1, மாற்றமில்லை 3, மிக மோசம் 5. கூட்டி 16ஆல் வகுக்கவேண்டும். 3.3 தொடக்கம் 3.6 வரை பல இடங்களில் வெட்டுப்புள்ளியாக வைத்திருக்கிறார்கள். படிப்பு அதிகமா குறைவா என்பது இதில் பெரிதாகத் தலையிடாது, ஏனென்றால் ஆள் தன்னோடேயே ஒப்பிடப்படுகிறார்.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டாரிலிருந்து லீவில் வந்த மகனிடம் கேட்காதீர்கள். நம் பக்கத்தில் தாய் தகப்பன் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வளவில்தானே இருப்பார்கள், ஒரே அடுப்பில் சாப்பிடும் அந்த மகளிடம் கேளுங்கள். அவ களைத்துப்போய் நித்திரையில்லாமல் இருந்தால் எல்லாவற்றுக்கும் 5 போடுவா, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டைவிதானையாருக்கு இன்னொரு ஆளும் இருக்கிறார்: அவரோடு வயல் செய்பவர். தண்ணீர் முறை யாருக்கு எந்த நாள், எந்த வரம்பு யாருடையது, ஒரு ஏக்கருக்கு எத்தனை புசல் விதைநெல் என்பதை இன்னும் சரியாகச் சொல்கிறாரா என்று அவரிடம் கேளுங்கள். 76 என்ற எண்ணை விட இது பெரிய சாட்சி.

கரவாகு எழுதியது:

மிக்க நன்றி இரண்டு பேருக்கும். தாளை எடுத்துப் பார்த்தேன். வாசிப்பு, எழுத்து, ஐங்கோணம், கழித்தல் நான்கிலும் சேர்த்து 7 போயிருக்கிறது. பருவகாலத்துக்கு "மாரி" என்று சொன்னதற்கும் பிழை போட்டிருக்கிறார்கள்.

ஆசிரியரைத் திரும்பச் சோதிக்கச் சொல்கிறார்கள். எத்தனை மாதம் கழித்து, எவ்வளவு குறைந்தால் குறைந்தது என்று எடுக்கலாம்? படிக்காதவருக்குப் பாத்தியா செயல் சோதனை நல்லது என்று ஒரு நண்பர் சொன்னார், அதுவும் சரியா?

எழுவான்கரை எழுதியது:

பாத்தியா வேண்டாம். 1955இல் வட இந்தியாவில் 11 முதல் 16 வயதுப் பையன்களை வைத்துச் செய்தது. 73 வயதுக்காரரை அந்த அட்டவணையில் வைத்து எடுக்கும் எண் எதற்கும் உதவாது.

திரும்பச் சோதிப்பதற்கு 6 மாதத்துக்குக் கிட்டவாக வேண்டாம், 9 முதல் 12 மாதம் நல்லது. முந்தினால் பழக்கத்தால் புள்ளி ஏறும், கட்டை வடிவம் போன்ற செயல் சோதனைகளில் அது வாய்மொழியை விட அதிகம். அந்த ஏற்றம் உண்மையான இறக்கத்தை மறைத்துவிடும். மறுபக்கம் பார்த்தால், சுகமானவர் சிறிது ஏறவேண்டிய இடத்தில் ஒருவர் கொஞ்சமும் ஏறவில்லை என்றால் அதுவே ஒரு தடயம்.

எவ்வளவு குறையவேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மொத்த ஐக்கியூவின் நியமவிலகல் 15. சோதனையின் நம்பகத்தன்மை 0.95 என்று வையுங்கள். அளவீட்டு வழு 15ஐ 0.05இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது, 3.35. இரண்டு தடவை அளப்பதால் அதை 1.41ஆல் பெருக்கினால் 4.74. அதை 1.96ஆல் பெருக்க 9.3. ஆகவே 9 புள்ளி வரையான இறக்கம் வெறும் ஆட்டமாக இருக்கலாம், 10ஐத் தாண்டினால்தான் பேசலாம். உபசோதனை ஒன்றுக்கு நியமவிலகல் 3, நம்பகத்தன்மை 0.80 என்றால் இதே வழியில் 3.7 வரும், அதாவது 4 புள்ளி. "போன முறை 9, இம்முறை 7, தேய்கிறது" என்று எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அந்த ஒரு வரியை வைத்துக் குடும்பங்கள் முடிவெடுக்கின்றன.

உங்கள் வெயிஸ்-ஆர் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது 1981 அட்டவணை. பழைய அட்டவணையில் ஐக்கியூ பத்து வருஷத்துக்கு ஏறக்குறைய 3 புள்ளி ஊதிப்போகும், அதுவும் அமெரிக்கர்களை வைத்துச் செய்தது. 104 என்ற எண்ணை எழுத்துப்படி எடுக்கவே கூடாது. இலக்கக் குறியீட்டுத் தாளைப் போட்டோப் பிரதியின் பிரதியிலிருந்து எடுத்திருந்தால் குறிகள் மங்கி வேகம் குறையும். துண்டு தொலைந்து தச்சரிடம் செய்வித்த கட்டைகள் அளவு மாறியிருந்தால் நேரக்கணக்கு பிழைக்கும். கேள்விகளை ஒவ்வொருவரும் மேசையிலேயே மொழிபெயர்த்தால் ஒப்புமைச் சோதனை கடினம் மாறிவிடும். தமிழ்ப் பேச்சை முதலே எழுதிவைத்து அதையே வாசியுங்கள். கேள்விகளை இங்கே பதிவிடவேண்டாம், நாளை சோதிக்கப்படுபவரின் பேரப்பிள்ளை வாசிக்கக்கூடும்.

தமிழில் பயன்படுத்தப்பட்ட கருவி தேடினால் 10/66 குழு (வளரும் நாடுகளில் டிமென்ஷியாவை ஆராயும் குழு) சென்னையிலும் வேலூரிலும் பயன்படுத்தியவற்றைப் பாருங்கள். சொல் பட்டியல், மிருகப் பெயர், வீட்டாரிடம் கேட்கும் பகுதி எல்லாம் சேர்ந்தே இருக்கும். பேச்சு நம் ஊருக்கு மாறவேண்டும். அங்கே "சோப்பு" என்பதை இங்கே சவர்க்காரம் என்போம்.

தோணாமுனை எழுதியது:

சோதனைக்கு முதல் செய்யவேண்டியதை யாரும் சொல்லவில்லை. நான் மருந்துப் பக்கம்.

மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்லிக் கொட்டிப் பாருங்கள். தடிமனுக்கு வாங்கிப் போடும் பிரிட்டோன், நித்திரைக்கு அமிட்ரிப்டிலின், பழைய மனநோய் மருந்தோடு வரும் பென்ஸ்ஹெக்ஸோல் மூன்றும் முதியவரின் நினைவை மங்கவைக்கும். சீனி வருத்தத்துக்கு கிளிபென்கிளமைட் போட்டுச் சாப்பாட்டைத் தவறவிடுபவருக்குச் சீனி இறங்கி வரும் தடுமாற்றம் அறளை போலவே தெரியும். மெட்ஃபோமின் பல வருஷம் போட்டவருக்கு பி12 குறையலாம். அழுத்தத்துக்கு தயசைட் போடுபவருக்கு சோடியம் பாருங்கள். தைரொயிட், கல்சியம், சிறுநீரகம், ஈரல், முழு இரத்தப் பரிசோதனை, விடிஆர்எல் (சிபிலிஸ் சோதனை) எல்லாம் அனுப்புங்கள். சில கிழமைக்கு முன் சைக்கிளால் விழுந்தவர் என்றால் தலை ஸ்கேன் காத்திருக்கக்கூடாது. சாராயம், கசிப்பு எவ்வளவு என்று தனியாக வைத்துக் கேளுங்கள், மகள் முன்னால் சொல்லமாட்டார்.

மறதி சில நாட்களுக்குள் வந்து, காலையில் தெளிவும் பின்னேரம் குழப்பமுமாக மாறினால் அது டிலீரியம். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுத் தொற்று தேடுங்கள். அந்த நிலையில் ஐக்கியூ எடுப்பது காய்ச்சலில் ஓட்டப்பந்தயம் வைப்பது போல. மனச்சோர்வுக்கு 15 கேள்வி முதியோர் அளவுகோல் வையுங்கள். சோர்ந்தவர் "தெரியாது, தெரியாது" என்பார், மறதிக்காரர் பிழையான விடையைத் தயக்கமில்லாமல் சொல்லிவிடுவார். எல்லோருக்கும் இது பொருந்தாது, ஆனால் கவனிக்கவேண்டிய வித்தியாசம்.

காணி உறுதி வேறு கேள்வி. புள்ளி எவ்வளவானாலும் அது உறுதி எழுதும் தகுதியைத் தீர்மானிக்காது. எந்தக் காணி, எவ்வளவு, எழுதினால் பிறகு யாருடையது, உரிமை கேட்கக்கூடிய மற்றப் பிள்ளைகள் யார், ஏன் இவருக்குக் கொடுக்கிறார் என்று பிள்ளைகள் இல்லாத அறையில் கேளுங்கள். ஒரு கிழமை கழித்து அதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு நாளும் ஒரே விடை, காரணத்தோடு சொன்னால், சொன்ன வார்த்தைகளையே கடிதத்தில் எழுதலாம். ஐக்கியூ 76 என்பதை அந்தக் கடிதத்தில் எழுதவே வேண்டாம். பிறகு யாரோ வழக்குப் போட அதுவே ஆயுதமாகும்.

கரவாகு எழுதியது:

மருந்துப் பை பற்றி நினைக்கவே இல்லை. ஆசிரியரின் மகளிடம் இப்போதுதான் கேட்டேன், இரவில் நித்திரைக்கு அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம் இரண்டு வருஷமாகப் போகிறதாம். முதலில் அதையா பார்ப்பது, சொல் பட்டியலையா?

தோணாமுனை எழுதியது:

பட்டியலை இந்தக் கிழமையே எடுங்கள், அது மருந்தோடு உள்ள நிலை. பிறகு எழுதிக்கொடுத்த வைத்தியரோடு கதைத்து 10 மில்லிகிராமுக்கு இறக்கி, இரண்டு கிழமை கழித்து நிறுத்தலாமா என்று பாருங்கள். நரம்பு வலிக்குக் கொடுத்திருந்தால் மாற்று மருந்து வேண்டும். நிறுத்தி 6 முதல் 8 கிழமை கழித்து வேறு 10 சொற்களில் பட்டியலைத் திரும்ப எடுங்கள், அதே சொற்கள் வேண்டாம். இரத்த முடிவுகள் அதற்கிடையில் வந்துவிடும். ஆனால் பதிவே விழவில்லை என்று முதல் பட்டியலில் கண்டால் நரம்பியல் கிளினிக் கடிதத்தைப் பிந்தவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.

எழுவான்கரை எழுதியது:

இரண்டு தடவையும் ஒரே ஆள், ஒரே அறை, ஒரே நேரம். காலை 9 மணிக்கு எடுத்ததைப் பகல் வெயிலில் லைனில் நின்று களைத்தபின் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். கண்ணாடி போட்டிருந்தாரா, எந்தக் காது கேட்கும், வெண்படலம் வெட்டியாயிற்றா, காலையில் சாப்பிட்டாரா என்பதையும் அதே தாளின் மேல் மூலையில் எழுதிவையுங்கள்.